‘நீங்கள்’ என்றழைக்கும் பெட்டி

மாலைப்பொழுதில் பொதுத் தொலைக்காட்சி தமிழனுக்கு என்ன தருகிறது என்ற கேள்வியை நம்மவர் எழுப்புவதில்லை. கோயில் கணக்கில் ஐம்பது வெள்ளி குறைந்தால் நள்ளிரவு வரையில் கூட்டம் போட்டுக் கூச்சலிடுகிறோம். சென்னையிலிருந்து ஒரு நடிகர் வந்திறங்கினால் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு விமான நிலையத்தில் மாலையுடன் நிற்கிறோம். ஆனால் குடிமக்கள் யாவருடைய வரிப்பணத்திலும் நடைபெறுகின்ற ஓர் ஒளிபரப்பு நாள்தோறும் நம் வீட்டுக் கூடத்தில் வந்தமர்ந்து பேசுகிறதே, அது நம்மை யாரென்று எண்ணிப் பேசுகிறது என்பதை ஆராய நமக்குப் பொழுதில்லை. அந்த ஆராய்ச்சியைச் சிறிது செய்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கசப்பான சொற்கள் சில வரும். அவற்றிற் பாதி எழுதுகிறவன் மீதே விழுவனவாதலால் வாசகர் பொறுத்துக்கொள்வாராக.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். நான் கோலா சிலாங்கூர் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணி. செக்ரோல் எழுதுவதும், குலைக் கணக்குப் பார்ப்பதும், சம்பளச் சீட்டு அடிப்பதும் என் பிழைப்பு. என் பாட்டனாரும் கிராணியே. தமிழ் என்பது லயத்து ஜனங்களிடம் வேலை வாங்குவதற்கான பாஷை, முன்னுக்கு வருவதற்கான பாஷை வேறு என்ற எண்ணம் எங்கள் குடும்பத்தில் ஊறிப்போனது. அதன் பயனாக எனக்கு ஆங்கிலவழிப் படிப்பு வாய்த்தது, தமிழ் வாய்க்கவில்லை. பின்னர் இந்த எழுத்துத் தமிழை எங்கே கற்றாய் என்று கேட்பீர்களாயின், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: மாலைத் தமிழ்ச் செய்தியிலே கற்றேன். அமைச்சரவை, நாடாளுமன்றம், வரவு செலவுத் திட்டம், பொருளாதாரம் என்னும் சொற்கள் யாவும் செய்தி வாசிப்பாளர் வாயிலிருந்தே முதன்முதல் என் காதில் விழுந்தன. ஆகவே நான் இந்த ஒளிபரப்பின் பகைவனல்லன், கடனாளி. கடனாளி கடிந்து பேசலாமா என்று கேட்பவர்கள் மேலே படித்துப் பார்க்கட்டும்.

எங்கள் தோட்டத்தில் இன்று தமிழ்க் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. லயங்களில் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் குடியிருக்கின்றனர். தமிழர்கள் புக்கிட் ரோத்தான், இஜோக், பெஸ்தாரி ஜெயா (2007-ஆம் ஆண்டு வரையில் பத்தாங் பெர்ஜுந்தை என்றிருந்த ஊர்) ஆகிய இடங்களின் தாமான்களுக்கும் மலிவு வீடுகளுக்கும் சென்றுவிட்டனர். எஞ்சியவர்களுள் ஒரு பாட்டியார் உண்டு. இளமையில் பால்மரம் சீவியவர், மரத்தை வீழ்த்திச் செம்பனை நட்டபின் உதிரிப்பழம் பொறுக்கியவர், இப்போது ஓய்ந்திருப்பவர். ஒருநாள் மாலை அவர் வீட்டு டிகோடரில் படம் வரவில்லையென்று என்னை அழைத்திருந்தார். கம்பியைக் கழற்றி மாட்டினேன், படம் வந்தது. தமிழ்ச் செய்தி தொடங்கும் வேளை. செய்தி வாசிக்கும் அம்மையார் வணக்கம் கூறியதும் பாட்டியார் இரு கைகளையும் கூப்பி, “வணக்கம் தாயி” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிக்காத தம்பி. இத்தனை வருசத்துல என்னை ‘நீங்க’ன்னு கூப்பிடறது இந்தப் பெட்டி ஒண்ணுதான்” என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. ஏனெனில் அவர் ஓய்வு பெறுவதற்கு முந்திய சில ஆண்டுகள் நானே அவருக்குக் கிராணியாக இருந்தேன். என் தாயைவிட மூத்த அந்த அம்மையாரை நான் ‘வா, போ, ஏன் நேற்று வரலே’ என்றே அழைத்திருக்கிறேன். துரை ‘நீ’ என்றார். தண்டல் ‘ஏய்’ என்றார். கிளினிக்கில் டிரெஸ்ஸர் அதுவுமின்றிக் கையை அசைத்தார். இலங்கையில் துரைமார் கற்பதற்கென்று ‘கூலித் தமிழ்’ என்ற பெயரிலேயே ஒரு நூல் அச்சாயிற்று. மலாயாத் தோட்டங்களிலும் நிலைமை வேறல்ல. ஏவுவதற்கு வேண்டிய அளவு தமிழே துரைக்குப் போதுமானதாயிருந்தது. கேட்பதற்கு வேண்டிய தமிழ் தேவைப்படவில்லை.

மரியாதை என்பது வயிறு நிறைந்தவன் பேசும் வீண்பேச்சு என்று கருதுகிறவர்களுக்கு 1941-ஆம் ஆண்டை நினைவூட்டுகிறேன். அவ்வாண்டு கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூரின் பல தோட்டங்களுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? பிள்ளைகளுக்குப் படிப்புக் கேட்டார்கள்; மருத்துவ வசதி கேட்டார்கள்; கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள்; பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். அவற்றோடு, துரையும் கிராணியும் எதிர்ப்பட்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தையும் ஒழிக்கச் சொன்னார்கள். மீண்டும் படியுங்கள்: துரை மட்டுமல்லர், கிராணியும்! தலைவர் ஆர். எச். நாதன் கைதானார், நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வந்தது, தொழிலாளர் ஐவர் சுடப்பட்டு மாண்டனர். சைக்கிளில் உட்கார்ந்தபடி கிராணியைக் கடந்து போகும் உரிமைக்காக இவ்வட்டாரத்தில் உயிர் போயிருக்கிறது. அந்த உரிமையின் பேரப்பிள்ளைதான் பாட்டியாரைக் கைகூப்ப வைத்த ‘நீங்கள்’.

நிற்க. மரியாதையோடு வீட்டுக்குள் வந்த அந்தப் பெட்டி, வணக்கம் கூறியபின் பாட்டியாரிடம் என்ன பேசுகிறது?

செய்தி சொல்கிறது. நன்று. அதில் அமைச்சர் திறப்பு விழாச் செய்தாரென்பதும், கழகத் தலைவர் கருத்துரைத்தாரென்பதும் தவறாமல் இருக்கும். நேர்காணல் உண்டு, உள்ளூர் நாடகம் உண்டு, சமையலும் பாட்டும் உண்டு. இவற்றை நாம் மறைக்கவில்லை. முதுகு ஒடிய உழைத்து இவற்றைத் தயாரிக்கும் நம் கலைஞர்களையும் குறை கூறவில்லை. ஆயினும் மாலையின் நடுப்பீடத்தில் கால்மேற் காலிட்டு அமர்ந்திருப்பது சினிமா. பாட்டென்றால் சினிமாப் பாட்டு; பேட்டியென்றால் சினிமாப் பேட்டி; நகைச்சுவையென்றால் சினிமாத் துணுக்கு; போட்டியென்றால் எந்தப் படத்தில் எந்தப் பாட்டு என்ற போட்டி. சினிமா இல்லாத நாள் உண்டென்றால் அது பண்டிகை நாளாயிருக்கும், அன்றைக்குக் காவடி. நம்மவன் இந்நாட்டில் ரசிகனாக ஒரு நாள் தோன்றுகிறான், பக்தனாக ஒரு நாள் தோன்றுகிறான். தேர்தல் வந்துவிட்டால் வாக்காளனாகவும் தோன்றுவான். உழைக்கிறவனாக, கணக்குக் கேட்கிறவனாக, கடன்பட்டவனாக, மகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டு நடுங்குகிறவனாக அவன் தோன்றும் மாலை எத்தனை?

இந்த நிலை எப்படி வந்தது என்பதை அறியச் சரித்திரத்தைச் சற்றுத் திருப்பிப் பார்க்கவேண்டும். ‘ரேடியோ மலாயா’ 1946 ஏப்ரல் முதல் நாள் தொடங்கிற்று. தமிழுக்கும் அதில் இடமிருந்தது. 1948-இல் அவசரகாலம் பிறந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளின் பக்கம் தோட்டத் தொழிலாளர் சாய்ந்துவிடலாகாதே என்ற கவலை சர்க்காரைப் பிடித்துக்கொண்டது. உடனே தோட்டங்களுக்குப் பொது வானொலிப் பெட்டிகள் வந்தன. லயத்து ஜனங்கள் கூடி அமர்ந்து கேட்பதற்கென்றே தமிழில் தனி நிகழ்ச்சிகள் வந்தன. நோக்கம் பிரசாரம், அதை ஒருவரும் மறுக்கமாட்டார். நான் வற்புறுத்துவது வேறு. தொழிலாளியின் மனம் வேண்டியிருந்தபோது, அவன் எந்நேரத்தில் ஓய்ந்திருப்பான், எவ்விதப் பேச்சைக் கேட்பான், எவ்விடத்தில் பெட்டியை வைத்தால் பலர் கூடுவர் என்பவற்றையெல்லாம் சர்க்கார் அக்கறையோடு கண்டுபிடித்தது. அவன் அஞ்சத்தக்கவனாக இருந்தவரை கேட்கத்தக்கவனாகவும் இருந்தான்! அச்சம் தீர்ந்தது; அக்கறையும் தீர்ந்தது.

தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28 அன்று கோலாலம்பூரில் தொடங்கிற்று. இரண்டாம் அலைவரிசை 1969 நவம்பர் 17-இல் சேர்ந்தது. 1978 டிசம்பரில் வர்ணம் வந்தது. அக்காலத்துக் கதைகளை என் பாட்டனார் பெருமையோடு சொல்வதுண்டு. தோட்டத்தில் முதல் பெட்டி எங்கள் கிராணி வீட்டில்தானாம். வாரத்துக்கொரு தமிழ்ப் படம். அன்று மாலை லயமே எங்கள் முற்றத்தில் கூடுமாம். பெரியவர்கள் சன்னலுக்கு வெளியே நிற்பார்கள். பிள்ளைகள் வாசற்படியில் உட்காரலாம். உள்ளே எவரும் வருவதில்லை. “யாரும் தடுக்கவில்லை, அவர்களாகவே வரமாட்டார்கள்” என்பார் பாட்டனார். அவர்களாகவே! சைக்கிளிலிருந்தும் அவர்களாகவேதான் இறங்கினார்கள். படம் முடியுமுன் தோட்டத்து மின்சார எஞ்சின் நின்றுவிட்டால், கதாநாயகன் பிழைத்தானா என்பது அடுத்த நாள் பிரட்டில்தான் தெரியுமாம். பட்டணத்தில் முன்பே பார்த்த யாரேனும் ஒருவர் முடிவைச் சொல்லுவாராம்.

அந்தச் சன்னல் இன்றில்லை. ஒவ்வொரு வீட்டிலும் பெட்டி இருக்கிறது. ஆண்டுக்கு 24 வெள்ளி உரிமக் கட்டணம் கட்டிய காலமும் போயிற்று. 2019 அக்டோபர் இறுதியோடு பழைய ஒளிபரப்பு முறை நாடெங்கும் நிறுத்தப்பட்டு எண்முறை வந்தது. வறிய குடும்பங்களுக்கு டிகோடர் இலவசமாகக் கிடைத்தது. கருவி கிட்டிவிட்டது. ஆனால் பார்ப்பது என்னவோ அன்று சன்னலுக்கு வெளியே நின்று பார்த்ததேதான்: வேறொரு நாட்டில், வேறொரு ஜனத்துக்காக, வியாபாரத்துக்கென்று எடுத்த படம்.

சினிமாவை நான் வெறுப்பவனல்லன். நல்ல படம் பார்த்துக் கண் கலங்கியவன்தான். என் வழக்கெல்லாம் இடத்தைப் பற்றியது. கட்டணத் தொலைக்காட்சி இந்நாட்டில் 1995-இல் வந்தது. மாதந்தோறும் பணம் கட்டுகிறவனுக்கு அவன் விரும்பும் சரக்கை விற்பது அதன் தொழில். அங்கே சினிமா ஆறாக ஓடட்டும். பொது ஒளிபரப்பு எதை விற்கிறது? அது கடையன்று. பள்ளிக்கூடம், நூல்நிலையம், ஊர்ச்சாவடி இவற்றின் இனம் அது. நூல்நிலையத்தில் பத்து அலமாரி இருக்கிறது. ஒன்பதில் சினிமாப் பாட்டுப் புத்தகம் அடுக்கியிருந்தால், ‘ஜனங்கள் அதைத்தான் எடுக்கிறார்கள்’ என்று நூலகர் சொல்லும் சமாதானத்தை ஒப்புக்கொள்வோமா?

நம்மைப் பற்றிய கதையைச் சென்னையே சொன்ன சந்தர்ப்பமும் ஒன்றுண்டு. 2016-இல் பா. இரஞ்சித் இயக்கிய ‘கபாலி’யைப் பார்க்க நம்மவர் விடியுமுன் வரிசையில் நின்றார்கள். தோட்டத் தொழிலாளர் சம கூலி கேட்ட போராட்டம் அதில் சிறிது நேரம் வந்து போகிறது. அதற்காக இயக்குநருக்கு நன்றி. எனினும் மலேசியத் தமிழன் உலகத் திரையில் ஏறும்போது கோட்டு அணிந்த குண்டர் தலைவனாகத்தான் ஏறவேண்டியிருந்தது. பிறர் நம் கதையைச் சொன்னால் அப்படித்தான் சொல்வர். நம் கதை நம்மிடம் இல்லையா? அ. ரெங்கசாமி சயாம் மரண ரயிலைப் பற்றி ‘நினைவுச்சின்னம்’ என்ற நாவல் எழுதியிருக்கிறார். ஜப்பானியர் காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை லாரியிலும் ரயிலிலும் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவர் சிலர். வராதவர்க்குக் கல்லறையும் இல்லை. கோலா சிலாங்கூரில் எந்தப் பழங்குடும்பத்தைக் கேட்டாலும் சயாமுக்குப் போய்த் திரும்பாத ஒருவரைச் சொல்லுவார்கள். இதைவிட நெஞ்சையடைக்கும் நாடகம் வேறென்ன வேண்டும்? இரவல் மாமியார் மருமகள் சண்டையை இங்கே மறுபடி எடுப்பதற்குச் செலவழியும் பணத்தில், இது போன்றவற்றை வாரந்தோறும் தொடராகக் காட்டலாகாதா? ஒலிபரப்பில் பணியாற்றிப் பின் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் பொதுமக்கள் தொடர்புத் துறையில் பேராசிரியரான ரெ. கார்த்திகேசு தாமே நாவலாசிரியர். ஒளிபரப்பும் இலக்கியமும் ஒருவர் கையிலேயே கூடி நின்ற நாடு இது. ஆளில்லை என்று சொல்ல வாயில்லை.

தமிழ் ஒலிபரப்புக்கு உயர்ந்த காரியம் செய்யத் தெரியாது என்று எண்ணுகிறவர்களுக்குத் தஞ்சாவூரில் நடந்த ஒன்றைக் கூறுகிறேன். 1960-களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 27 என்ற புதிய குறுகியகால நெல்லைக் கொடுத்தது. திருச்சி வானொலி அதன் பயிர்முறையை உழவருக்கு அவர்கள் பேச்சிலேயே எடுத்துச் சொல்லிற்று. எப்போது நாற்று விடுவது, எவ்வளவு உரம் இடுவது என்பதை வானொலியில் கேட்டு ஜனங்கள் பயிரிட்டனர். அந்த நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. அதிகாரி வைத்த பெயரன்று. வயலில் நின்றவன் வைத்த பெயர்! 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு இந்தியாவில் ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 கிராமங்களில் செயற்கைக்கோள் வழியாகத் தொலைக்காட்சி காட்டினர். ஊருக்கொரு பெட்டி, மாலையில் எல்லோரும் கூடிப் பார்த்தனர், வேளாண்மையும் சுகாதாரமும் பள்ளிப்பாடமும் வந்தன. அதில் குறைகள் பல இருந்திருக்கலாம். ஆனால் மாலை நேரத்தை ஏழைக்கு எவ்வாறு பயன்படுத்துவது என்று அறிவுடையோர் உட்கார்ந்து யோசித்தனர் என்பதற்கு அது சாட்சி.

எங்கள் தோட்டத்துக்கு வருகிறேன். 2023 ஜனவரி முதல் நாள் தொழிலாளர் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது. வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாயிற்று. பிள்ளைப்பேற்று விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. செய்தியில் இவை ஒரு வாக்கியமாக வந்து போயிருக்கும். ஒரு வாக்கியம் போதுமா? துண்டுக் கணக்கில் குலை அறுக்கிறவனுக்கு 1,700 எப்படிக் கணக்கிடப்படும்? மழைநாளில் வேலையில்லையென்றால்? ஒப்பந்தக்காரர் கீழ் வேலை செய்கிறவன் யாரைக் கேட்பான்? சேமநிதி பிடித்தம் எந்தத் தொகையின் மேல்? இவற்றை வாரத்தில் அரைமணி நேரம், கரும்பலகையில் எழுதிக் காட்டுவது போல் விளக்கும் தமிழ் நிகழ்ச்சி ஒன்றிருந்தால், அதற்கு எந்த நடிகரும் வேண்டாம், எந்த ஆட்டமும் வேண்டாம். சட்டம் அறிந்த ஒருவரும், கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு தொழிலாளியும் போதும்.

இப்போது அந்த நிகழ்ச்சியை நடத்துகிறவர் யார் தெரியுமா? கிராணி! “ஐயா, வாரத்துக்கு நாப்பத்தஞ்சு மணின்னு சொல்றாங்களே, மெய்தானா?” என்று அலுவலகச் சன்னலருகே வந்து நிற்கிறார்கள். நான் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை. எனக்குக் கோபமாயிருந்தால் “அப்புறம் வா” என்பேன். மூன்று தலைமுறையாக எங்கள் ஜாதியின் மூலதனம் இதுவே. ஜாதி என்று நான் சொல்வது பிறப்பைப் பற்றியதன்று. காகிதம் படிக்கத் தெரிந்தவன் என்ற ஜாதி. கடிதம் படித்துச் சொன்னோம், மனு எழுதிக் கொடுத்தோம், நோட்டீசை விளக்கினோம், அதற்குக் கூலியாகப் பணிவைப் பெற்றோம். பொது ஒளிபரப்பு தன் வேலையைச் செய்யுமானால் கிராணியின் இந்தச் சில்லறைச் சிம்மாசனம் ஆட்டங்காணும். ஆகையினாலேதானோ என்னவோ, படித்த தமிழர் எவரும் மாலைத் தமிழ் நிகழ்ச்சிகளைப் பற்றி வாய் திறப்பதில்லை. அவர்கள் வீட்டில் ஆங்கிலத் தொடர் ஓடுகிறது. தமிழ் நிகழ்ச்சி தரக்குறைவு என்று உதட்டைச் சுழிப்பார்கள். தரமானது வேண்டுமென்று ஒரு கடிதம் எழுதமாட்டார்கள். தரக்குறைவானது வேலைக்காரருக்குப் போதும் என்ற எண்ணம் அவர்கள் நெஞ்சின் அடியில் கிடக்கிறது. என் நெஞ்சிலும் கிடந்தது.

இனி எதிர்வாதங்களைப் பார்ப்போம். ‘கைப்பேசிக் காலத்தில் தொலைக்காட்சியைப் பற்றி அழுகிறாயே’ என்பர். கைப்பேசி நேற்று நீ பார்த்ததையே இன்றும் கொண்டுவந்து காட்டும். சினிமா பார்த்தவனுக்கு மேலும் சினிமா, வதந்தி பார்த்தவனுக்கு மேலும் வதந்தி. நீ கேட்காததும் உனக்கு வேண்டியதுமான ஒன்றை முன்னே வைப்பது அதன் தொழிலன்று. மேலும் செம்பனைக்கு நடுவே அலை எட்டாத வளைவுகள் இன்னும் உள்ளன. அங்கே பாட்டியார் இருக்கிறார்.

‘நாம் எத்தனை பேர்? எண்ணிக்கைக்கேற்ற நேரந்தானே கிடைக்கும்’ என்று அடங்கிப் பேசுவோரும் உண்டு. 2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்குப்படி மலேசியக் குடிமக்களில் இந்தியர் 6.7 விழுக்காடு, ஏறத்தாழ 20 லட்சம் பேர். அதே ஆண்டுக் கணக்கில் சிங்கப்பூர்வாசிகளான இந்தியர் 3½ லட்சத்துக்குச் சற்று மேல். அந்த 3½ லட்சத்துக்கு 2008 அக்டோபர் முதல் ‘வசந்தம்’ என்று தனி அலைவரிசையே இருக்கிறது. இங்கே 20 லட்சத்துக்கு இரண்டாம் அலைவரிசையில், சீனத்தோடும் பிறவற்றோடும் பகிர்ந்துகொண்ட சில மணிப்பொழுது. அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, இங்கே அன்று என்பது மெய். ஆனால் வரி கட்டுவதற்கு ஆட்சிமொழி கேட்கிறார்களா? வானொலியில் ‘மின்னல்’ முழுநேரமும் தமிழில் ஒலிக்கிறதே. காதுக்குக் கிடைத்த நியாயம் கண்ணுக்கு ஏன் இல்லை? இங்கே ஓர் எச்சரிக்கையும் செய்யவேண்டும். நேரம் பெருகினால் போதுமென்று நான் சொல்லவில்லை. இன்றுள்ள சரக்கையே இருபத்துநான்கு மணிக்கும் நீட்டுவதாயிருந்தால் இருக்கிற நேரமே அதிகம்.

பக்தர்கள் என்மேல் சீறுவார்கள் என்பதும் தெரியும். பத்துமலைத் தைப்பூசத்தைக் காட்டவேண்டாமென்று நான் கூறவில்லை. லட்சக்கணக்கானோர் கூடும் இடத்தில் காமிரா இருப்பது இயல்பு. ஆனால் பிற இனத்து அண்டைவீட்டான் நம்மைத் திரையில் காண்பது கன்னத்தில் அலகு குத்திய நாளில் மட்டுமென்றால், நம்மைப் பற்றி அவன் என்ன எண்ணுவான்? 2007-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 28-இல் இஜோக் சட்டமன்ற இடைத்தேர்தல். அதற்காகத் தலைவர்களும் நிருபர்களும் எங்கள் செம்மண் சாலைகளில் வந்து குவிந்தனர். தேர்தல் முடிந்தது, புழுதியும் அடங்கிற்று. அதே ஆண்டு நவம்பர் 25-இல் பல்லாயிரம் தமிழர் கோலாலம்பூர் வீதியில் திரண்டு நின்றபோது, ‘இவர்களுக்கு இத்தனை குறை இருந்ததா?’ என்று நாடே வியந்தது. ஏன் வியக்கவேண்டும்? எங்கள் குறை ஒருநாளில் முளைத்ததன்று. தோட்டம் துண்டாடப்பட்டு வீடிழந்தவர் கதை இருபதாண்டுக் கதை. அதை மாலைதோறும் காட்டுகிற கண்ணாடி இல்லை. ஆகவே எங்களுக்கு நாங்களே புதியவர், அண்டைவீட்டாருக்கோ முற்றும் அந்நியர். நல்ல தமிழ் நிகழ்ச்சியை மலாய் எழுத்துவரிகளோடு நடுமாலையில் காட்டிப் பாருங்கள். கம்போங் மக்களும் பார்ப்பார்கள். பாட்டியார் பால்வாளி சுமந்த கதை, அவர்கள் பாட்டி சோளம் நட்ட கதைக்கு அயலானதன்று. நாமும் அவர்கள் நாடகத்தைப் பார்ப்பதில்லை. அந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன்.

சென்ற மாதம் என்னோடொத்த கிராணிமார் சிலரிடம் இவற்றைச் சொல்லி, ஒளிபரப்புத் துறைக்கு அனுப்ப ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன், கையொப்பமிடுங்கள் என்றேன். வாரத்தில் அரைமணி தொழிலாளர் சட்டம். மாதத்தில் ஒருநாள் ஒரு தோட்டத்திலோ தாமானிலோ போய் நின்று ஜனங்களையே பேசவிடும் நிகழ்ச்சி. நம் நாவல்களிலிருந்து ஆண்டுக்கொரு தொடர். கேட்டது இவ்வளவே. இருவர் இட்டார்கள். ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “நீ சொல்வதெல்லாம் டி.வி.யில் வந்தால், அடுத்த நாள் காலையில் அத்தனை பேரும் சீட்டைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் வாசலில் வந்து நிற்பான். யாரப்பா பதில் சொல்வது?” என்றார்.

வந்து நிற்கட்டும். வெளியே ஒரு பெஞ்சு போடச் சொல்லியிருக்கிறேன்.